அமிஜாவும் உயாக்கும்: போஸ்னிய அகதிகளின் பிள்ளை தன் இரு வழி உறவையும் அறிந்துகொள்ளும் முறை

தந்தை போஸ்னியாக் முஸ்லிம், தாய் ஆர்த்தடாக்ஸ் செர்பியர், பிறந்து வளர்ந்தது ஜெர்மனியில் என்றிருக்கும் ஒருவர், தம் குடும்பக் கதையைத் தேடப் புகும்போது 'நான் எந்த இனம்?' என்ற கேள்வியை முதலில் எடுத்தால் அங்கேயே சிக்கிக்கொள்வார். முறைச்சொற்களிலிருந்து தொடங்குவது நல்லது. தமிழைப் போலவே போஸ்னியாவில் பேசப்படும் மொழியிலும் தந்தையின் சகோதரருக்கு ஒரு சொல், தாயின் சகோதரருக்கு வேறொரு சொல். முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலும் பெரியப்பாவும் சித்தப்பாவும் 'அமிஜா', தாய்மாமன் 'தாய்ஜா'. செர்பியக் குடும்பங்களில் 'ஸ்ட்ரிட்ஸ்', 'உயாக்'. அதனால் இந்தப் பிள்ளை ஒரே மூச்சில் அமிஜா என்றும் உயாக் என்றும் அழைத்து, அது இரண்டு குடும்ப வழக்கு என்பதே தெரியாமல் வளர்ந்திருக்கும்.

ஒரு தாளில் உறவினர் ஒவ்வொருவரின் பெயர், அவரை அழைக்கும் முறை, 1991 இல் அவர் இருந்த ஊர், இப்போது இருக்கும் ஊர் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். 1992 முதல் 1995 வரை நடந்த போஸ்னியப் போருக்கு முந்தைய கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1991 இல் நடந்தது. அப்போது யூகோஸ்லாவியாவின் பகுதியாயிருந்த போஸ்னியாவில் சுமார் 5.5 விழுக்காட்டினர் தங்களை 'யூகோஸ்லாவியர்' என்றே பதிந்தார்கள். கலப்பு மணம் செய்தவர்கள் பலருக்கு அந்தச் சொல் வசதியாக இருந்தது. அடுத்த ஆண்டே அதற்குரிய நாடு இல்லாமல் போயிற்று.

பெற்றோரிடம் பேசும்போது போரைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து 'என்ன நடந்தது?' என்று கேட்கும் பிள்ளைக்கு, பெரும்பாலும் மௌனமோ செய்தித்தாளில் படித்த வாசகமோதான் பதிலாகக் கிடைக்கும். அம்மா 'ஜெஸ்வா' என்னும் நீண்ட கைப்பிடிப் பாத்திரத்தில் காப்பித்தூள் பொங்கி நுரைக்கும்வரை நின்று, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் ஊற்றும் நேரமே ஏற்ற நேரம். பழைய வீட்டின் சமையலறை சன்னல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள், பெருநாளன்று பலகாரம் எந்த வீட்டுக்கெல்லாம் போயிற்று என்று கேட்கலாம். சாவியைப் பற்றிய கேள்விக்கு அவர் பேச்சை நிறுத்தினால், காப்பி ஆறினாலும் பரவாயில்லை என்று காத்திருக்க வேண்டும்.

அதன்பின் அலமாரியிலுள்ள காகிதங்களைப் பார்க்கலாம். 1990களில் ஜெர்மனி ஏறத்தாழ மூன்றரை லட்சம் போஸ்னியர்களுக்கு இடமளித்தது. அவர்களில் பலரிடம் இருந்தது 'டுல்டுங்' என்னும் பத்திரம் மட்டுமே; ஈழத் தமிழர் பலருக்கும் அது பழக்கமானதுதான். அது வதிவிட உரிமை அன்று, வெளியேற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் தாள். 1995 இறுதியில் போரை முடித்துவைத்த டேட்டன் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பெரும்பாலோர் திரும்ப வேண்டியதாயிற்று; சிலர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனால் நாடு போஸ்னியாக்-குரோவேசியர் பகுதி, செர்பியர் பகுதி என இரு ஆட்சிப் பகுதிகளாகப் பிரிந்திருந்ததால், கலப்புக் குடும்பம் எந்தப் பகுதிக்குத் திரும்பினாலும் பெற்றோரில் ஒருவர் அங்கே சிறுபான்மையாக இருப்பார். முத்திரைகளின் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், தபால்பெட்டி திறக்கும் ஓசைக்கு அப்பா ஏன் திடுக்கிட்டார் என்பது விளங்கும்.

மொழிக்குப் பெயர் சொல்வதிலும் பூசல் உண்டு. போஸ்னியம், குரோவேசியம், செர்பியம் எனப் பிரித்துச் சொல்லத் தயங்குவோர் 'நம் மொழி' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள், அது போதும். செர்பியர் எழுதும் சிரிலிக் எழுத்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், பாட்டியின் கடிதங்கள் அதில் இருக்கக்கூடும்.

ஊருக்குப் போனால், ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பதால் 'ஷ்வாபோ' என்று கேலி செய்வார்கள். 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று ரொட்டிக்கடையில் கேட்டால், தாத்தாவின் பெயரையும் ஊரையும் சொன்னால் போதும். எஞ்சியதை அவர்களே கணித்துக்கொள்வார்கள். கைவிடப்பட்ட வீட்டைத் தேடிப் போகையில், உள்ளூரார் துணையின்றிப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது உயாக்கின் சாப்பாட்டு மேசைதான். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரில் 8,000க்கும் மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படைகளால் கொல்லப்பட்டதை இனப்படுகொலை என்று பன்னாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. மாமா அதை மறுத்தால், உறவைக் காப்பதற்காகத் தலையாட்ட வேண்டியதில்லை. 'அப்படி இல்லை, மாமா' என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, அம்மாவின் சிறுவயதைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கதையை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. வாக்குவாதத்தில் வென்று அதை இழப்பது, என் எண்ணத்தில், வீண் செலவு.

தாளின் கடைசி வரியைத் தம்பியின் குழந்தைக்காக ஒதுக்கிவைக்கலாம். ஜெர்மனியில் பிறக்கும் அது தன் பெரியப்பாவை அமிஜா என்று அழைக்குமா, 'ஓன்கெல்' என்று அழைக்குமா என்பதைத் தம்பியோடும் அவர் மனைவியோடும் இப்போதே பேசிக்கொள்வது நல்லது.