மரியா கல்லாஸின் 1958 பாரிஸ் கச்சேரிப் படத்தைப் பார்ப்பது எப்படி?

1958 டிசம்பர் 19 அன்று, பாரிஸின் பலே கார்னியே ஓபரா (பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம்) மாளிகையில் ஓபரா பாடகி மரியா கல்லாஸ் முதன்முறையாகப் பாடினார். ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் நேரடியாக ஒளிபரப்பான அந்தக் கச்சேரியின் படப்பதிவு இன்றும் நம் கைக்குக் கிடைக்கிறது. அதை நான் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் நிறுத்தினேன். நான்காம் முறைதான் பிடிபட்டது. அன்று புதிதாகச் செய்தது ஒன்றுதான்: அவர் பாடாத நேரங்களில் அவரைக் கவனித்தேன். இந்தக் குறிப்பு முழுவதும் அதற்கான ஏற்பாடுதான்.

படி 1: சுருதி சரியாக உள்ள பிரதி

இணையத்தில் இந்தக் கச்சேரிக்குப் பல பிரதிகள் உலவுகின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்கள்) ஓட வேண்டிய படத்தை 25 சட்டங்களாக ஓட்டினால், வேகம் 4 விழுக்காடு கூடும். குரலும் மேலே ஏறும். கல்லாஸின் குரல் மெலிந்து, கூர்மையாகி, வேறொருவர் குரல்போலக் கேட்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கைப்பேசியில் தம்புரா செயலியைத் திறந்து 4 கட்டை சுருதி வையுங்கள். ‘நோர்மா’ ஓபராவின் ‘காஸ்தா தீவா’ பாடலுக்கு முன் ஒற்றைப் புல்லாங்குழல் மெட்டைத் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். தம்புராவோடு இழைந்தால் பிரதி நல்லது. 4½ கட்டைப் பக்கம் நழுவினால் அதை விட்டுவிடுங்கள். பிளேயரில் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பிளேயர்கள் சுருதியை அப்படியே பிடித்துக்கொண்டு வேகத்தை மட்டும்தான் குறைக்கும். புல்லாங்குழலுக்கு முன்னால் வரும் பகுதியில் சோதிக்க வேண்டாம், அங்கே சுருதி வேறு.

படி 2: திரையும் ஒலியும்

படம் பழைய தொலைக்காட்சி அளவில், ஏறத்தாழச் சதுரமாக இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டி அதைத் திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் முகம் அகன்றுவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். ‘சரவுண்ட்’, ‘பாஸ் பூஸ்ட்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். இது ஒற்றைத் தட ஒலிப்பதிவு.

கம்பியுள்ள ஹெட்போன்தான் என் தேர்வு. புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுப் பிந்தி வரலாம். பேச்சுக்கு அது பொருட்டில்லை. பாடகியின் உதட்டையும் மூச்சையும் பார்க்கும்போது அந்தப் பிந்தல் அனுபவத்தையே கெடுத்துவிடும்.

(பின்சேர்க்கை: புளூடூத் தவிர வேறு இல்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். விண்டோஸ் கணினியில் விஎல்சி பிளேயர் பயன்படுத்தினால் ஜே, கே விசைகளால் ஒலியை முன்பின்னாக நகர்த்தலாம்.)

படி 3: துணைவரிகளை (சப்டைட்டில்) அணையுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் மூன்று முறையும் துணைவரிகளோடு பார்த்தேன். கண் திரையின் அடியிலேயே கிடந்தது. ஓபராவில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அதே சொற்களை ஐந்தாம் முறை வாசித்துக்கொண்டிருந்தபோது மேலே அந்த முகத்தில் நடந்ததையெல்லாம் தவறவிட்டேன். இப்போது பொருளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிப் படித்துவிட்டு, துணைவரியை அணைத்துவிடுகிறேன்.

முதல் காட்சிக்குத் தேவையானது இவ்வளவுதான். பெல்லினியின் ‘நோர்மா’, ரோமானியர் பிடியில் இருக்கும் ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் நடக்கிறது. மக்கள் போர் கேட்கிறார்கள். தலைமைப் பூசாரி நோர்மா இன்னும் நேரம் வரவில்லை என்று அவர்களை அடக்குகிறாள். உண்மையில் அவள் ரோமானிய ஆளுநனைக் காதலிக்கிறாள். இரண்டு குழந்தைகளும் உண்டு. ஊருக்கு அது தெரியாது.

படி 4: ‘காஸ்தா தீவா’வை நான்காகப் பிரித்துக் கேளுங்கள்

பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல்தான் பலர் இங்கே சோர்ந்துபோகிறார்கள். காட்சி ஏறத்தாழக் கால் மணி நேரம்; நான்கு பகுதிகள் உண்டு.

முதலில் கூட்டத்தை அதட்டும் பகுதி. தாளக் கட்டு இல்லாமல் பேச்சின் போக்கில் பாடுவது, நம் விருத்தம் கேட்டவர்களுக்கு அந்நியமாக இருக்காது. அடுத்து ‘காஸ்தா தீவா’ என்று தொடங்கும், நிலவை நோக்கிய வேண்டுதல்: இந்தப் பழைய புனித மரங்களை வெள்ளியாக்கும் தூய தேவியே, மேகமும் திரையும் இல்லாத உன் அழகிய முகத்தை எங்கள் பக்கம் திருப்பு. மூன்றாவது, சடங்கு முடிந்தது என்று அறிவிக்கும் சிறு பகுதி. நான்காவது, வேகமான முடிவுப் பாட்டு.

வேண்டுதல் பகுதியில் தொடையில் தாளம் போடாதீர்கள். நான் போட்டேன். எண்ணிக்கை நான்கு, நடை திஸ்ரம் என்று கண்டுகொண்ட மகிழ்ச்சியில் விடாமல் போட்டேன். ஒவ்வொரு உச்சத்திலும் பாடகி என்னை விட்டு விலகிப் போனார். பிழை அவருடையது அல்ல. ஸ்வரத்தை அவர் இழுத்து நிறுத்தும்போது இசைக்குழுவும் காத்திருக்கிறது. அது இந்த இசையின் இயல்பு. கையை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் பின்தொடருங்கள்.

இப்போது முக்கியமான இடம். புல்லாங்குழல் மெட்டை வாசிக்கும்போது அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. பலர் இந்த இடத்தைத் தாண்டி ஓட்டிவிடுகிறார்கள். ஓட்டாதீர்கள். கல்லாஸுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. மேடையில் கண்ணாடி அணிய மாட்டார். இசை நடத்துனர் ஜார்ஜ் செபாஸ்தியானின் கையசைவு அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காதை நம்பித்தான் நிற்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் அந்த முகத்தில் பாட்டு தொடங்கிவிட்டது. குரல் அதன் பிறகுதான் வருகிறது.

நான்காம் பகுதியிலும் இதையே தேடுங்கள். கோரஸ் ரோமானியரின் சாவைக் கேட்கிறது. அவளோ காதலன் திரும்பி வரவேண்டும் என்று தனக்குள் ஏங்குகிறாள். ஊருக்குச் சொல்லும் முகமும் தனக்குள் சொல்லும் முகமும் ஒன்றல்ல. மாறுவது சொல்லுக்கு முன்பே.

அதே 1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி 2 அன்று, ரோமில் இத்தாலியக் குடியரசுத் தலைவர் முன்னிலையில் கல்லாஸ் இதே ‘நோர்மா’வைப் பாடியபோது, குரல் ஒத்துழைக்காமல் முதல் அங்கத்தோடு நிறுத்திவிட்டார். பத்திரிகைகள் அவரைக் கடித்துக் குதறின. டிசம்பரில் பாரிஸில், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ரெனே கொத்தியின் முன்னால், அதே வேடத்தின் பாட்டோடு வந்து நிற்கிறார். எவ்வளவு துணிச்சல்!

படி 5: ஒரு ‘ஆனால்’

வெர்டியின் ‘இல் த்ரோவத்தோரே’ காட்சியை முதல் முறை வெறுமனே கேளுங்கள். காதலன் அடைபட்ட கோபுரத்தின் வெளியே நிற்கும் பெண், அது போதும்.

அடுத்து ரோஸினியின் ‘செவில் நகர நாவிதன்’. ரோஸினா என்ற இளம்பெண் தன்னைப் பற்றிச் சொல்கிறாள்: நான் சாது, மரியாதை தெரிந்தவள், சொன்னபடி கேட்பேன். பிறகு இத்தாலிய மொழியில் ஒரே ஓரசைச் சொல்: ‘மா’. ஆனால் என்று பொருள். என் பலவீனத்தில் கை வைத்தால் விரியன் பாம்பாவேன் என்று தொடர்கிறது. அந்த ‘மா’வுக்கு முந்திய கணத்தில் படத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டி, மூன்று முறை பாருங்கள். சற்றுமுன் நோர்மாவாக நின்றவரா இவர் என்று தோன்றும்.

(பின்சேர்க்கை: வண்ணப் பிரதி பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2023இல், கல்லாஸின் நூற்றாண்டையொட்டி, இந்தக் கச்சேரி வண்ணமூட்டப்பட்டுத் திரையரங்குகளில் வெளியானது. முதல் முறைக்குக் கறுப்பு வெள்ளையே போதும் என்பது என் கருத்து. வண்ணத்தில் என் கண் உடைக்கும் நகைக்கும் போய்விட்டது.)

படி 6: இடைவேளை விட்டு ‘தோஸ்கா’

கச்சேரியின் பிற்பகுதி வேறு வகை. புச்சினியின் ‘தோஸ்கா’ இரண்டாம் அங்கம் முழுவதும், உடை அலங்காரத்தோடும் மேடை அமைப்போடும் நடிக்கப்படுகிறது. முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்பகுதியோடு சேர்த்து ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். மறுநாள் இரவுக்கு வையுங்கள்.

ரோமின் காவல் தலைவன் ஸ்கார்பியாவாகத் தித்தோ கோபி. பக்கத்து அறையில் தோஸ்காவின் காதலனைச் சித்திரவதை செய்கிறார்கள். அவன் உயிருக்கு விலையாக ஸ்கார்பியா அவளையே கேட்கிறான். அவள் இசைகிறாள். காதலர்கள் தப்பிச் செல்லும் அனுமதிச் சீட்டை எழுத ஸ்கார்பியா உட்காருகிறான். அவள் மதுக்கோப்பையை எடுக்க மேசைப் பக்கம் வருகிறாள். அங்கே கத்தி கிடக்கிறது.

இந்த இடம் வரும்போது ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ எழுந்திருக்காதீர்கள். கண்டதற்கும் எடுப்பதற்கும் இடையில் அவருக்குப் பாட ஒரு சொல்லும் கிடையாது. குத்திய பிறகும், செத்தவன் கையிலிருந்து சீட்டை எடுத்து, கடைசி வரியைச் சொல்லி முடித்தபின் நெடுநேரம் இசைக்குழு மட்டுமே ஒலிக்கிறது. தலைக்கு இருபுறமும் மெழுகுவத்தி வைக்கிறாள். மார்பின் மேல் சிலுவையை வைக்கிறாள். அவள் கதவைத் தாண்டும்வரை திரையை அணைக்காதீர்கள்.