விமானம் தாமதமானால் நட்டஈடு கேட்பது எப்படி? மலையகப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கட்டுநாயக்க போக இராத்திரியே வேன் பிடிக்க வேண்டும். அங்கே போனபின் "இன்றைக்கு ஃப்ளைட் இல்லை" என்றால், நம் ஆட்கள் பலர் எதுவும் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பாதீர்கள். கேட்டால் கிடைக்கும் உரிமைகள் இருக்கின்றன, கையில் ஆதாரம் இருந்தால்.

1. டிக்கட் போடும்போதே உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பதியச் சொல்லுங்கள். முகவரின் எண் பதிந்திருந்தால், விமானம் இரத்தான தகவல் அவருக்குத்தான் போகும். டிக்கட்டின் பதிவு எண்ணான ஆறு எழுத்து பி.என்.ஆர். குறியீட்டையும் வாங்கி, வேன் ஏறுமுன் விமானம் நேரத்துக்குப் போகிறதா என்று விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

2. கவுண்டரை விட்டு நகருமுன் தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். போர்டிங் பாஸ், பொதியின் டேக், சாப்பாடு, அறை, வேன் பற்றுச்சீட்டுகள் எதையும் வீசாதீர்கள். ஆனால் கினிகத்தேனைப் பக்கம் மண்சரிந்து நீங்கள் பிந்திப் போனால், அது விமான நிறுவனத்தின் பொறுப்பல்ல. மழைக்காலத்தில் நேரத்தோடு கிளம்புங்கள்.

3. அப்புறம், எந்தச் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

பிரித்தானியாவிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தோ புறப்பட்டால், எந்த நாட்டு விமானமானாலும் நிர்ணயித்த தொகை உண்டு. லண்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 4 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் பிந்தி வந்தால் 520 பவுண், பாரிஸிலிருந்து என்றால் 600 யூரோ. 3 முதல் 4 மணித்தியாலம் என்றால் அதில் பாதியாகக் குறைக்கலாம். ஒரே பதிவில் டோஹாவில் மாறி வந்தாலும், கடைசியாக இறங்கும் நேரம்தான் கணக்கு. இங்கிருந்து டோஹா வழியாகக் கட்டார் விமானத்தில் லண்டன் போகிறவருக்கு இது பொருந்தாது.

மோசமான வானிலை போன்ற காரணம் என்றால் இந்தப் பணம் கிடைக்காது. அப்போதும் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தந்தே ஆக வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு சர்வதேச விமானப் பயணம் பற்றிய 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை கைகொடுக்கும். இலங்கையில் அது 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிர்ணயித்த தொகை இல்லை. தாமதத்தால் உங்களுக்கு ஏற்பட்ட செலவைப் பற்றுச்சீட்டோடு நிரூபித்துக் கேட்க வேண்டும். தவிர்க்கத் தன்னால் ஆன எல்லாம் செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் தப்பிவிடும்.

4. பொதி வரவில்லையா, உடைந்திருக்கிறதா? விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் பொதிக் கவுண்டரில் முறைப்பாட்டைப் பதிந்து, அதற்கான பி.ஐ.ஆர். எனும் பொதி முறைப்பாட்டுப் படிவத்தின் பிரதியை வாங்குங்கள். சேதம் என்றால் பொதி கிடைத்து 7 நாளுக்குள், பிந்தி வந்தால் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஊருக்கு வந்து ஆறுதலாக எழுதலாம் என்று விட்டால் உரிமை போய்விடும். வழக்குப் போட 2 வருடம்தான்.

5. கோரிக்கையை முகவர் வழியாக அல்ல, நேரடியாக நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெயர், பி.என்.ஆர்., விமான எண், திகதி, எத்தனை மணித்தியாலத் தாமதம், என்ன கேட்கிறீர்கள் என்பது போதும். ஆங்கிலம் சிரமமென்றால் வீட்டில் ஏ.எல். படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். ஐரோப்பிய, பிரித்தானிய விதிகளின்படி, நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே பணத்துக்குப் பதில் வவுச்சர் தரலாம். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.