வடசென்னையிலிருந்து பன்னாட்டுப் பேஸ்பால் போட்டிக்கு: ஓர் அமெச்சூர் அணி தயாராகும் முறை

வடசென்னையில் வளர்ந்த ஒருவர் வெளிநாட்டு மேடையில் வெல்வது நடக்காத காரியமல்ல. 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்தான். ஆயினும் தனி ஆட்டக்காரர் ஒருவரை அனுப்புவதைவிட, பதினெட்டு இருபது பேர் கொண்ட பேஸ்பால் அணியை அனுப்புவது பல மடங்கு கடினமானது. ஒருவருடைய பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பந்து வீசும் பிட்சர் ஒருவருக்குத் தோள் நொந்தாலும் அணி முழுவதும் தடுமாறும். வெளிநாட்டில் நம் அணி முதன்முறையாகச் சந்திப்பது எதிரணியை மட்டுமாக இருக்க வேண்டும். உயரமான பிட்சிங் மேடு, மரப் பேட், நடுவரின் கண்டிப்பு, விமான நிலையத்தின் கெடுபிடி ஆகிய எல்லாவற்றையும் இயன்றவரை இங்கேயே பழகிவிட வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

முதலில் எந்தப் போட்டி என்பதைத் தெளிவாக முடிவு செய்யுங்கள். நாட்டின் பெயரில் ஆடும் போட்டிகள் உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு, ஆசிய பேஸ்பால் கூட்டமைப்பு ஆகியவற்றின் கீழ் வருகின்றன. அவற்றுக்குத் தேசிய சம்மேளனமே அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். உள்ளூர்ச் சங்கம் தன் சொந்தப் பெயரில் செல்லக்கூடியது அழைப்புப் போட்டிகளுக்கு மட்டுமே. இந்த வேறுபாட்டை மறைத்து, ‘இந்திய அணி’ என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு செல்வது பையன்களுக்கும் அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கும் செய்யும் துரோகம். அழைப்புக் கடிதம் வந்தவுடன் நுழைவுக் கட்டணத்தை அனுப்பிவிடாமல், அந்த நாட்டின் பேஸ்பால் சம்மேளனத்துக்கே எழுதிக் கேட்டு, போட்டி உண்மையானதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் பயணத்துக்கு இலங்கையை நான் பரிந்துரைப்பேன். விமானத்தில் ஒன்றரை மணி நேரப் பயணம், நேர வேறுபாடு இல்லை, தமிழ் பேசுவோர் உண்டு. ஜப்பானின் உதவியுடன் தியகமவில் கட்டப்பட்ட முறையான பேஸ்பால் மைதானமும் அங்கே இருக்கிறது.

சங்கம் பதிவு செய்யப்படாமல் இருந்தால் உடனே பதிவு செய்யுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் போதும். பதிவெண், பான் அட்டை, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் இருந்தால்தான் நிறுவனங்கள் நன்கொடை தர முன்வரும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தையும், 2023ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையையும் அணுகி, உங்கள் போட்டிக்கு உதவி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டறியலாம். எனினும் அந்த உதவி வந்தே தீரும் என்று நம்பி விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.

அணிகள் பெரும்பாலும் இடறி விழும் இடம் ஆவணங்கள்தான். நம் பையன்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும், ஆதாரில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். இனிஷியலை விரித்து எழுதும்போது தந்தையின் பெயர் முன்னே போகிறதா பின்னே போகிறதா என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடும். ஆகவே அணி வீரர் ஒவ்வொருவருடைய மூன்று ஆவணங்களையும் ஒரே மேசையில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிழை உள்ளவற்றைத் திருத்திய பிறகே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். மாநகராட்சியில் பதிவான பிறப்புச் சான்றிதழை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய் ஆகும். சென்னையின் பாஸ்போர்ட் சேவா மையங்கள் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் இருப்பதால், தண்டையார்பேட்டையிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ செல்லும் ஒருவருக்கு அன்றைய கூலி போய்விடும். நாலைந்து பேருக்கு ஒரே நாளில் நேரம் பதிவு செய்து, சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் உடன் சென்றால் அலைச்சல் குறையும். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை; தாயும் தந்தையும் பிரிந்து வாழும் குடும்பங்களில் இதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பேசத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தெருச் சண்டை ஒன்றில் பெயர் சேர்க்கப்பட்டு, வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்டவர் பாஸ்போர்ட் பெறவே முடியாது என்று யாரும் அவரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை; வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் அவர் அதை மறைத்து விண்ணப்பித்தால் போலீஸ் விசாரணையில் எல்லாம் நின்றுவிடும். அணியில் சேர்க்கும்போதே இதைத் தனியாக, மரியாதையாகக் கேட்டறிந்து, வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துச் செல்வது பொறுப்பாளரின் கடமை. விசா விண்ணப்பத்தின்போது பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விமானச் சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

இனி மைதானம். கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் இடம் போதாத மாநகராட்சி மைதானங்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் விடியற்காலை மட்டுமே. அந்த இரண்டு மணி நேரத்திலும் அளவு தப்பாமல் களம் அமைத்தே பயிற்சி செய்ய வேண்டும். கண்ணளவில் செங்கல் வைத்து ஆடிப் பழகிய கால்கள் உண்மையான களத்தில், ஓட்டக்காரர் தொட வேண்டிய பேஸை நோக்கி ஓரடி முன்னதாகவே சறுக்கத் தொடங்கும். பந்தை அடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 38.79 மீட்டர் அளந்து நேர்கோடு போடுங்கள். பிறகு இரு முனைகளிலிருந்தும் 27.43 மீட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தால், அவை சந்திக்கும் இடங்களே முதல் பேஸும் மூன்றாம் பேஸும் ஆகும். அதே நேர்கோட்டில் ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து 18.44 மீட்டரில் பிட்சர் நிற்கும் பட்டை வரும். கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால், சுண்ணாம்புப் பொடியால் பத்து நிமிடத்தில் களம் தயாராகிவிடும்.

பிட்சர் நிற்கும் மேடுதான் நமக்குப் பெரிய குறை. விதிப்படி அது ஹோம் பிளேட்டின் மட்டத்தைவிட 25.4 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். பட்டைக்குச் சற்று முன்னாலிருந்து ஒவ்வோர் அடிக்கும் ஓர் அங்குலம் வீதம் சரிந்து இறங்க வேண்டும். சமதரையில் மட்டுமே வீசிப் பழகியவர் அந்தச் சரிவில் முதன்முறையாகக் காலை நீட்டி வைக்கும்போது, தரை எதிர்பார்த்த இடத்தில் இல்லாததால் பந்து உயரப் போய்விடுகிறது. அதைக் கையால் சரிசெய்ய முயன்று தோளைக் கெடுத்துக்கொள்கிறார். மைதானத்தில் நிரந்தர மேடு எழுப்ப நமக்கு அனுமதி கிடைக்காது. எனவே மூன்று மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் தடித்த பிளைவுட்டால் சரிவுப் பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து, மேலே செயற்கைப் புல் விரிப்பை ஒட்டி, இரண்டு துண்டாகப் பிரித்து எடுத்துச் செல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தாவது பிட்சர்கள் அனைவரும் அதிலிருந்தே வீச வேண்டும். பணம் குறைவாக இருந்தால் புதுச் சீருடையைத் தள்ளிப்போட்டுவிட்டு இந்தப் பலகையை முதலில் செய்யுங்கள்.

பிட்சர்களின் கையைக் காப்பது பயிற்சியாளரின் பொறுப்பு. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பும் அந்நாட்டுச் சம்மேளனமும் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 15 முதல் 16 வயது வரை உள்ளவர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேலும், 17 முதல் 18 வயது வரை உள்ளவர் 105 பந்துகளுக்கு மேலும் வீசக்கூடாது. அந்த அளவுக்கு வீசியவர் நான்கு நாட்கள் ஓய்வெடுக்க வேண்டும். போட்டியில் நாள்தோறும் ஆட்டம் இருக்கும் என்பதால், இரண்டு நல்ல பிட்சர்களை நம்பிச் செல்லும் அணி மூன்றாம் நாளில் கையறு நிலைக்கு வந்துவிடும். வலுவாக எறியும் களக்காரர்கள் மூவருக்காவது நேராக வீசும் பந்தை மட்டுமாவது கற்றுக்கொடுத்து வைத்திருங்கள்.

கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்களுக்கு எறிதலும் பிடித்தலும் வரமாக அமைகின்றன. ஆனால் சில பழக்கங்களை அவர்கள் விட்டொழிக்க வேண்டும். பந்தை அடித்ததும் பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவது அவற்றில் ஒன்று. பந்து உயரே எழுந்ததும் ஓடத் தொடங்கிவிடுவது அதைவிட இழப்புத் தருவது. பந்து பிடிக்கப்பட்டால் ஓட்டக்காரர் தம் பழைய பேஸைத் தொட்ட பிறகே மேலே செல்ல முடியும் என்பது உடம்பில் ஊறும்வரை அதைத் தனிப் பயிற்சியாகவே செய்யுங்கள். நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தி முறையிடும் வழக்கத்தையும் இங்கேயே விட்டுவிட வேண்டும். வீசிய பந்து அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த ஸ்ட்ரைக்கா, விலகிப் போன பாலா என்ற தீர்ப்பை எதிர்த்து வாதிடுபவர் களத்திலிருந்து வெளியேற்றப்படலாம்; ஆகவே அணியின் மேலாளர் ஒருவரே, விதி தொடர்பான கேள்வியை மட்டும் அமைதியாகக் கேட்க வேண்டும். கூடுதல் இன்னிங்ஸில் முதல் இரண்டு பேஸ்களிலும் ஆட்களை நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்கும் விதியும், ஏழு இன்னிங்ஸுக்குப் பின் பத்து ரன் முன்னிலை இருந்தால் ஆட்டத்தை முடித்துவிடும் விதியும் பன்னாட்டுப் போட்டிகளில் உண்டு. உங்கள் போட்டியின் விதிப் புத்தகத்தை வாங்கி, அதன் சாரத்தைத் தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்.

பெரியவர் பிரிவில் மரப் பேட்தான் பயன்படும். அலுமினியப் பேட்டில் பழகியவர் அடிக்கும் பந்து மரப் பேட்டின் கைப்பிடி அருகே பட்டால் பேட் முறிந்துவிடும்; அதனால் மாற்றுப் பேட்டுகள் அவசியம். பேட்டில் உள்ள தயாரிப்பாளரின் முத்திரை வானத்தையோ தரையையோ நோக்கியிருக்கும்படி பிடித்து அடித்தால் அது எளிதில் முறியாது. க்ளவ்களைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் தோல் வார் வாங்கி, அறுந்த இழைகளை மாற்றிக் கட்டினால் பழைய க்ளவ் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அடிப்பவருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முகக் கவசம், மார்புக் கவசம், கால் கவசம் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். விரல் நுனியில் பந்து பட்டு நுனி மடங்கி நின்றால், அதை நீவி இழுக்காமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கை அறுவைச் சிகிச்சைக்கு அந்த மருத்துவமனை நாடெங்கும் பெயர் பெற்றது.

ஊக்க மருந்து விதிகள் அமெச்சூர் வீரர்களுக்கும் பொருந்தக்கூடும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, உடற்பயிற்சிக் கூடத்தில் கொடுக்கும் பெயரில்லாத பொடி ஆகியவை சிக்கலில் மாட்டிவிடும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து மருந்துச் சீட்டு இல்லாமல் எதையும் உட்கொள்ளக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, போட்டியில் ஏற்படும் காயத்துக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரண சுற்றுலாக் காப்பீடுகள் பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும்.

பேட்டுகளை விமானத்தின் உள்ளே எடுத்துச் செல்ல முடியாது. அவை சரக்குப் பையில்தான் போக வேண்டும். விலையுயர்ந்த உபகரணங்களைப் புறப்படும்போதே சுங்க அதிகாரிகளிடம் காட்டிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பி வரும்போது வரிக் கேள்வி எழாது. சாதமும் பருப்புப் பொடியும் இல்லாமல் இரண்டாம் நாளே சோர்ந்துவிடும் பையன்களுக்காகச் சிறிய குக்கரும் பொடி வகைகளும் கொண்டு செல்லலாம். ஆனால் மட்டன் ஊறுகாய் போன்ற இறைச்சிப் பொருள்களை வீட்டில் ஆசையாகக் கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள். ஜப்பான், தைவான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இதற்குக் கடும் தண்டனை உண்டு. அந்நாடுகளுக்குச் செல்லும் அணி நேர வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு, முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்து, அங்குள்ள மேட்டில் பிட்சர்களை வீசச் செய்ய வேண்டும்.

ஊர் திரும்பிய பின் பிட்சர்களுக்கு முழு ஓய்வு கொடுங்கள். பதினைந்து நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கை ரசீதுகளுடன் எழுதி, நூறு ரூபாய் கொடுத்தவர் உட்பட நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பி, ஒரு படியைச் சங்க அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி வையுங்கள்.