சென்னை–சிங்கப்பூர்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் இரவு 11.15 என்றும் சேரும் நேரம் மறுநாள் காலை 5.50 என்றும் இருந்தால், ஆறரை மணி நேரப் பயணம் என்றே முதன்முறை வெளிநாடு செல்பவர்கள் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது நான்கு மணி ஐந்து நிமிடப் பயணம்தான்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். வீட்டில் உலக உருண்டை இருந்தால், நூலின் ஒரு நுனியைச் சென்னையின் மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு நுனியைச் சிங்கப்பூர் வரை தொய்வில்லாமல் இழுங்கள். நூல் படியும் தடமே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி. அந்த நீளத்தை அப்படியே எடுத்து நிலநடுக்கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் 26 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அங்கே ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் வடக்கே செல்லச் செல்ல அந்த அளவு பெரிதும் பிசகும். நம் முந்தைய தலைமுறையினர் ரஜூலா கப்பலில் ஏறி, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக ஏறத்தாழ ஒரு வாரத்தில் கடந்த தொலைவு இதுதான்.

அடுத்தது நேரம். பயணிகள் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 850 என்று வைத்து வகுத்தால் மூன்று மணி 25 நிமிடம் வரும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், தரையிறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வதற்கும் நேரம் வேண்டும். சீட்டில் அச்சிடப்படும் நேரம் இவை அனைத்தையும் உள்ளடக்கியது என்பதால், 35 முதல் 45 நிமிடம் வரை கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. போகும்போது சீட்டில் தெரியும் இடைவெளியிலிருந்து இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும். திரும்பும்போது கூட்ட வேண்டும். அங்கே இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு இங்கே 9.40-க்கு இறங்குவதாக இருந்தால், நூறு நிமிடத்தோடு நூற்றைம்பது நிமிடத்தைச் சேர்க்க, நான்கு மணி பத்து நிமிடம் கிடைக்கும்.

காற்றும் சில நிமிடங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், நாம் தரையில் உணரும் காற்றுக்கு நேர்மாறாக, தென்னிந்தியாவின் மேல் வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பலமான காற்று வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது சிங்கப்பூர் செல்லும் விமானத்துக்கு எதிர்க்காற்றாகவும், திரும்பி வரும் விமானத்துக்குத் துணையாகவும் அமையக்கூடும்.

இத்தனையும் சரியாகக் கணக்கிட்டவர்கள்கூடத் தவறவிடும் ஓரிடம் நள்ளிரவு. சீட்டில் 15-ஆம் தேதி 00.20 என்று இருந்தால் அது 14-ஆம் தேதி இரவைக் கடந்த நேரம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்ல வேண்டும் என்பதால், 14-ஆம் தேதி இரவு 9.20-க்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும்.