மூலையைப் பாருங்கள்: பயணத்தில் செவ்வியல் அலங்காரங்களை அடையாளம் காணும் முறை

பழைய நீதிமன்றம், அருங்காட்சியகம், ரயில் நிலையம், நூலகம் என்று எந்த நாட்டின் பெரிய நகரத்துக்குப் போனாலும் தூண்வரிசை கொண்ட ஒரு முகப்பாவது எதிர்ப்படும். அண்ணாந்து பார்க்கிறோம், ஒரு படம் எடுக்கிறோம், நகர்ந்துவிடுகிறோம். ஊர் திரும்பிய பிறகு அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் எது எந்த ஊர் என்பதே குழம்பிவிடுகிறது. இதற்கு நினைவாற்றல் காரணமன்று; பெயர் தெரியாத பொருள் கண்ணில் பட்டாலும் மனத்தில் தங்குவதில்லை. கிரேக்கரும் ரோமானியரும் கையாண்டு, பின்னர் மறுமலர்ச்சிக் காலத்திலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளிலும் உலகெங்கும் பரவிய அலங்கார வடிவங்களில் அடிக்கடி எதிர்ப்படுபவை பத்துப் பன்னிரண்டுதான். அவற்றை அறிந்துகொண்டு, அவை மூலையில் எப்படித் திரும்புகின்றன என்பதைப் பார்க்கப் பழகினால், ஒரே மாதிரி தெரிந்த கட்டடங்கள் தனித்தனி ஆகிவிடும்.

தூணின் தலையைப் பார்க்கவே எல்லோரும் முந்துவார்கள். நான் அடியிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் அடி கண்ணுக்கு அருகில் இருக்கிறது. தூண் பீடம் எதுவும் இல்லாமல் நேரே தரையிலிருந்து எழுகிறது என்றால், அது கிரேக்க முறையிலான டோரிக் தூணாக இருக்கலாம். (டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்பவை செவ்வியல் தூண்களின் மூன்று முக்கிய வகைகள்.) ரோமானியர் தம் டோரிக் தூணுக்குப் பெரும்பாலும் அடியில் ஒரு வளையப் பீடம் கொடுத்தார்கள். அடுத்து, தூணின் உடலில் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளவரிகளைப் பாருங்கள். டோரிக் தூணில் பொதுவாக 20 பள்ளங்கள். அடுத்தடுத்த இரண்டு பள்ளங்கள் சந்திக்கும் இடம் கத்தி முனைபோல் கூர்மையாக இருக்கும். அயோனிக் தூணில் பொதுவாக 24 பள்ளங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே தட்டையான ஒரு மெல்லிய பட்டை ஓடும். தூணைச் சுற்றிவந்து எண்ணிப் பார்ப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. தூணின் தலை சிதைந்தோ சாரம் கட்டி மறைக்கப்பட்டோ இருக்கும்போது, அது எந்த வகை என்பதை இந்தப் பள்ளங்களே பெரும்பாலும் சொல்லிவிடும்.

தூண்தலைகளில் டோரிக் எளியது: வட்டமான ஒரு திண்டு, அதன்மேல் சதுரப் பலகை. அயோனிக் தூண்தலையில் இரண்டு பக்கமும் சுருள்கள். ஆனால் அதை முன்னால் நின்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தச் சுருள் ஒரு பாயைச் சுருட்டி வைத்ததுபோல் நீண்டு தெரியும். அப்படியானால் கட்டடத்தின் மூலையில் நிற்கும் தூண் என்ன செய்யும்? அது இரண்டு முகப்புகளுக்கும் முகம் காட்ட வேண்டும். கிரேக்கச் சிற்பிகள் மூலைத்தூணின் வெளிப்பக்கச் சுருளை 45 பாகையில் வெளியே வளைத்து, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சுருளின் முகமே தெரியும்படி செய்தார்கள். அந்த ஒரு வளைவைக் கண்டுகொண்டவர் அதன்பின் எந்த அயோனிக் கட்டடத்திலும் முதலில் மூலைக்குத்தான் போவார்.

கொரிந்தியன் தூண்தலையில் அகாந்தஸ் என்னும் செடியின் இலைகள் அடுக்கடுக்காக எழும். இறந்துபோன ஒரு பெண்ணின் கல்லறைமேல் வைத்த கூடையைச் சுற்றி இச்செடி வளர்ந்ததைக் கண்டு கல்லிமாக்கஸ் என்ற சிற்பி இவ்வடிவத்தை உருவாக்கினார் என்று கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். கதை அழகானது. ஆனால் ஆஸ்திரியக் கலை வரலாற்றாளர் அலோயிஸ் ரீகல் 1893இல் அதை மறுத்து, பழைய பனையோலை விசிறி போன்ற அலங்காரத்திலிருந்தே இந்த இலை படிப்படியாக வளர்ந்தது என்று வாதிட்டார். பயணிக்குப் பயன்படுவது இலையின் விளிம்பு. கிரேக்க வேலையில் விளிம்பு முட்கள்போல் கூர்மையாகவும், ரோமானிய வேலையில் பெரும்பாலும் மிருதுவாகவும் அகன்றும் இருக்கும். அகாந்தஸ் இலைகளுக்கு மேல் அயோனிக் சுருள்களும் பெரிதாக அமர்ந்திருந்தால் அது கலப்பு வகை. ரோம் நகரின் டைட்டஸ் வளைவில் அதைக் காணலாம். இந்த வகைகளை ஒரே பார்வையில் படிக்க விரும்புபவர் அதே நகரில் கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்தின் வெளிச்சுவர் முன் நின்றால் போதும்: கீழ்த்தளத்தில் டோரிக் சாயல், இரண்டாவதில் அயோனிக், மூன்றாவதில் கொரிந்தியன்.

இனிச் சிறிய வேலைகள். இங்கேதான் அவசரப்படக் கூடாது. முட்டை வடிவங்களுக்கு இடையே அம்பு முனைகள் மாறி மாறி வரும் வரிசையை முட்டையும் அம்பும் என்பார்கள். அதற்கு அடியில் பெரும்பாலும் நீள்மணியும் தட்டை வட்டுகளும் கோத்த மாலைபோல் ஒரு நூல்வரிசை ஓடும். தரையிலிருந்து பார்த்தால் இரண்டும் வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். எட்டு மடங்கு பெருக்கும் சிறிய தொலைநோக்கி ஒன்று கையில் இருக்கட்டும். கைப்பேசியின் பெரிதாக்கும் வசதி இதற்கு ஈடாகாது. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் கி.மு. 421க்கும் 406க்கும் இடையே கட்டப்பட்ட எரெக்தியோன் கோயிலில் இந்த வரிசைகளைப் பாருங்கள். மேலே ஒரு முட்டை, அதற்கு நேர்கீழே ஒரு மணி. அம்புக்கு நேர்கீழே வட்டுகள். சரம் பிசகாமல் போகிறது. பிற்காலக் கட்டடங்கள் பலவற்றில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் தனித்தனியாக அளக்கப்பட்டு, நான்கு முட்டைக்கு ஐந்து மணி என்று நழுவிப் போயிருக்கும். அவ்வாறே வரிசை மூலையை அடையும்போது அரை முட்டையில் முடிந்துபோகிறதா, அல்லது சிற்பி அங்கே ஒரு சிறிய இலையை வைத்து இணைப்பை மறைத்திருக்கிறாரா என்றும் கவனியுங்கள். எனக்கு அந்த மூலை இலைமீது தனிப் பிரியம் உண்டு; யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒருவர் அதைச் செதுக்கியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் எந்த நேரத்தில் பார்ப்பது என்பதும் முக்கியம். இவ்வலங்காரங்கள் நிழலை நம்பிச் செதுக்கப்பட்டவை. சுவரை உரசிக்கொண்டு வரும் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு முட்டையும் தனியாக எழுந்து நிற்கும். வெயில் நேரே முகத்தில் அடிக்கும்போதோ மேகமூட்டத்திலோ அதே சுவர் தட்டையாகிவிடும். முகப்பு எந்தத் திசை நோக்கியது என்பதை வரைபடத்தில் முன்பே பார்த்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சமாகும்.

தூண்களுக்கு மேலே கிடக்கும் உத்தரத்தின் பட்டையில், டோரிக் கட்டடமானால், மூன்று செங்குத்துக் கோடுகள் கொண்ட கட்டைகள் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். அவை ட்ரைகிளிஃப், இடையிலுள்ள சதுரங்கள் மெட்டோப். மரத்தால் கட்டிய காலத்தில் தச்சர்கள் உத்தரங்களின் வெட்டுமுனைகளை மறைக்கப் பலகை அடித்து அதன்மேல் நீல மெழுகு பூசினார்கள் என்றும், கல்லில் அதன் நினைவே எஞ்சியது என்றும் விட்ருவியஸ் விளக்கம் தருகிறார். ஒவ்வொரு ட்ரைகிளிஃபுக்கும் கீழே ஆறு சிறு சொட்டுகள் தொங்குவதையும் பாருங்கள். அவை மர ஆணிகளின் கல் வடிவம் என்று பலர் கருதுகிறார்கள். இப்போது மறுபடியும் மூலைக்குப் போகலாம். ட்ரைகிளிஃப் தூணின் நடுவுக்கு நேர்மேலே நிற்க வேண்டும் என்பது ஒரு விதி. பட்டை மூலையில் ட்ரைகிளிஃபில் முடிய வேண்டும் என்பது மற்றொன்று. மூலைத்தூணில் இரண்டும் ஒத்துவராது. கிரேக்கர்கள் இரண்டாவது விதியைக் காப்பாற்ற மூலைத்தூணையே உள்ளே தள்ளினார்கள். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் மூலையில் தூண்களின் இடைவெளி மற்ற இடங்களைவிடக் குறுகியிருப்பது இதனால்தான். ரோமானிய மரபில் வந்தவர்கள் முதல் விதியைப் பிடித்துக்கொண்டு, மூலையில் ஒரு துண்டு மெட்டோப்பை மிச்சம் விட்டார்கள். ஆகவே 19ஆம் நூற்றாண்டு அரசுக் கட்டடம் ஒன்றின் மூலையை மட்டும் பார்த்து, அதை வரைந்தவர் எந்த மரபைப் பின்பற்றினார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

கார்னிஸுக்கு, அதாவது உத்தரத்தின் உச்சியில் வெளியே நீட்டிநிற்கும் விளிம்புக்கு, அடியில் பல்வரிசைபோல் வரும் சிறு கட்டைகள் பெரும்பாலான செவ்வியல் கட்டடங்களில் உண்டு; அவற்றை அறிந்துகொண்டு கடந்து போய்விடலாம். மடிந்து மடிந்து செல்லும் மியாண்டர் கோலத்துக்குச் சற்று நில்லுங்கள். இன்றைய துருக்கியில் வளைந்து வளைந்து ஓடும் ஆறு ஒன்றின் பழைய பெயரே அதற்கு வந்தது. தரையோட்டிலும் சுவர்ப்பட்டையிலும் இதைக் காணும்போது, கோலம் மூலையில் ஒழுங்காகத் திரும்புகிறதா அல்லது கத்தரித்ததுபோல் அறுந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

மாலைத்தோரணங்களையும், அவற்றைத் தாங்கும் எருதின் மண்டையோட்டையும் பார்க்க ரோமில் கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்ட அமைதிப் பீடம் (ஆரா பாசிஸ்) என்னும் பலிபீடத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உட்சுவரில் பலிகொடுத்த எருதுகளின் மண்டையோடுகளுக்கு இடையே பழங்கள் நிறைந்த கனத்த மாலைகள் தொங்குகின்றன. வெளிச்சுவரின் கீழ்ப்பாதி முழுவதும் அகாந்தஸ் கொடி சுருண்டு சுருண்டு பரவுகிறது. நேர்த்தியான கோலம் என்று நினைத்துக் குனிந்தால் இலைகளுக்கு நடுவே தவளையும் பல்லியும் தென்படும். ஒரு பறவைக் கூட்டை நோக்கிப் பாம்பு ஒன்று ஊர்ந்து வருகிறது. பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இந்தப் பாம்பு இல்லை.

செதுக்கியதா வார்த்ததா என்ற கேள்வியையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கையால் செதுக்கிய இலைகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. பக்கத்துப் பக்கத்து இலைகளில் ஒரே மழுங்கலும் ஒரே சிறு வடுவும் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சில் வார்த்த சுதை, சுடுமண் அல்லது வார்ப்பிரும்பு. வார்ப்பு என்பதற்காகத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. லண்டனில் 1822இல் முடிக்கப்பட்ட செயின்ட் பான்கிராஸ் புதிய தேவாலயத்தில் எரெக்தியோனைப் பின்பற்றி நிறுத்திய பெண்ணுருத் தூண்கள், உள்ளே வார்ப்பிரும்புத் தண்டைச் சுற்றிப் பொருத்திய சுடுமண் துண்டுகளே. அருகில் போய் இணைப்புகளைத் தேடுவது நல்ல பயிற்சி.

விதியை மீறிய இடங்களுக்கு உங்கள் குறிப்பேட்டில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் கட்டடக் கலைஞர் லட்ரோப், 1809இல் அகாந்தஸ் இலை இருக்க வேண்டிய இடத்தில் மக்காச்சோளக் கதிர்களை வைத்தார். பின்னர் மற்றொரு பகுதியில் புகையிலை இலையையும் பூவையும் வைத்தார். வடிவம் அதேதான், செடி மட்டும் அந்த மண்ணுக்குரியது. அகாந்தஸை நன்கு அறிந்தவர் கண்ணுக்கே இந்த மாற்றம் படும்.

கடைசியாக ஒரு நடைமுறை. ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முட்டையும் அம்பும், அடுத்த முறை மியாண்டர் என்று. ஒவ்வொரு கட்டடத்திலும் மூன்று படங்கள் போதும்: முழு முகப்பு, அந்த வடிவம், அது திரும்பும் மூலை. பிறகு கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, அந்த மூலையைப் பென்சிலால் குறிப்பேட்டில் வரையுங்கள். படம் கோணலாக வந்தால் பரவாயில்லை. எந்தக் கோட்டை எங்கே முடிப்பது என்று தெரியாமல் கை நிற்கும் இடத்தில்தான் இன்னொரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.