ராஜபாளையம் நாய்: வாங்கும்போதும் வளர்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் பால் வெள்ளையா, மூக்கு ரோஸ் நிறமா, கண் தேன் நிறமா என்று பார்த்துவிட்டு அதோடு பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். காது கேட்கிறதா என்று பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது சகஜம், அதற்கும் அந்த வெள்ளைக்கும் தொடர்பு இருக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும், அங்கே அவை இல்லாமல் போனால் ஒலியை உணரும் பகுதி பிறந்த சில வாரங்களிலேயே கெட்டுவிடும், அப்புறம் எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. அதனால் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது உங்களைப் பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு வைத்துச் சோதித்தால் மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். கைதட்டினாலோ தரையில் தட்டினாலோ காற்றும் அதிர்வும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய குட்டிக்குக் காது கேட்கவில்லையா? தயவுசெய்து தெருவில் விட்டுவிடாதீர்கள். கையசைவுக்கு அது நன்றாகவே பழகும், ஆனால் வெளியே வாரில்லாமல் விடவும் கூடாது, இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது.

அடுத்து சங்கிலி. இது காட்டுப்பன்றியைத் துரத்த வளர்த்த நாய், நின்றால் 65 முதல் 75 செ.மீ. உயரம், நீண்ட கால், ஆழமான நெஞ்சு, உடம்பு முழுக்க ஓட்டத்துக்காகவே அமைந்தது. அதைக் காவலுக்கு என்று வாசல் கேட் அருகே நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் காவல் வராது, கடிதான் வரும். காலையும் மாலையும் நன்றாக நடக்கவும், சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் அவிழ்த்துவிட்டால் ஓடவும் வேண்டும். திறந்த வெளியில் அவிழ்த்தால் ஆடோ கோழியோ ஓடுவதைப் பார்த்த நொடியில் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. சிறு குட்டியைப் பைக் பின்னால் ஓட வைப்பதும் மாடிப்படியில் ஏற்றி இறக்குவதும் வேண்டாம், மூட்டு முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

இதற்கு ஒரு ஆள்தான் எஜமானர் என்ற எண்ணம் அதிகம், வெளியாள் தொடுவது பெரும்பாலும் பிடிக்காது. அதனால் குட்டியாக இருக்கும்போதே விருந்தாளிகள், குழந்தைகள், கால்நடை மருத்துவரின் கை எல்லாவற்றுக்கும் மெதுவாகப் பழக்குங்கள். "கோபம் வரட்டும், அப்போதுதான் காவல் காக்கும்" என்று பயமுறுத்தி வளர்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிதான பிறகு அந்த நாயை அவர்களாலேயே பிடிக்க முடிவதில்லை.

விலா எலும்பு லேசாகத் தெரிகிறதே என்று அம்மாக்கள் கவலைப்பட்டுச் சோற்றை ஏற்றுவார்கள். அது இந்த நாயின் உடல்வாகு, கவலைப்பட வேண்டாம். வெறும் பால்சோறு, தயிர்சோறு போதாது, முட்டை, கோழி என்று புரதம் வேண்டும், ஆனால் வேகவைத்த எலும்பைக் கொடுக்கவே கூடாது. குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். குடற்புழு நீக்கம், பார்வோ என்கிற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி, மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடி தடுப்பூசி, எதையும் தள்ளிப்போட வேண்டாம். முடி குட்டை, கீழே இளஞ்சிவப்புத் தோல். நம் ஊர் நாய்தானே என்று உச்சி வெயிலில் விட்டால் மூக்கும் காதோரமும் புண்ணாகும்.

ஒரே வேளையில் உணவை வயிறு முட்டப் போட்டு உடனே ஓடவிடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆழ நெஞ்சு நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உணவை இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். வயிறு உப்பி, வாந்தி வருவதுபோல் குமட்டியும் ஒன்றும் வெளியே வராமல், படுக்கவும் முடியாமல் நாய் அலைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓமத்தண்ணீர், சோடா என்று நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், நள்ளிரவானாலும் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்கு வண்டியை எடுங்கள்.