பழைய பெரிய எஸ்யூவி வாங்கும்போது டீசல் இன்ஜினை ஒப்பிடும் முறை

செகண்ட் ஹேண்ட் சந்தையில் காட்டுப்பாதைக்கும் மலைப்பாதைக்கும் தாங்கும் பெரிய எஸ்யூவி தேடுபவர் முன்னால் பெரும்பாலும் நான்கு பெயர்கள்தான் வந்து நிற்கும்: டொயோட்டா ஃபார்ச்சூனர், ஃபோர்டு என்டெவர், மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட், இசுசு எம்யூ-எக்ஸ். என்டெவர் மறைமலை நகரில் தயாரானது. பஜேரோ ஸ்போர்ட் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பாகங்களைக் கோத்து உருவானது. எம்யூ-எக்ஸ் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியிலிருந்து வந்தது.

நான்குமே சட்டகத்தின் மேல் உடல் பூட்டிய கனமான வண்டிகள். வேறுபாடு இன்ஜினில்தான் தெரியும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் குதிரைத்திறனை வைத்து அதை அளக்க முடியாது. பார்க்க வேண்டியவை இரண்டு. இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது, அதாவது நிமிடத்துக்குக் குறைந்த சுற்றில், எவ்வளவு இழுக்கிறது என்பது ஒன்று. அந்த இன்ஜினுக்கென்றே உள்ள பலவீனத்தை முந்தைய உரிமையாளர் கவனித்தாரா என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

முதலில் இழுவைக் கணக்கு

உச்ச டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை, நியூட்டன் மீட்டரில் அளப்பது) எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சுற்றில் தொடங்கி எந்தச் சுற்று வரை அது கிடைக்கிறது என்று கேளுங்கள்.

2009-ல் வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் 1கேடி இன்ஜின் 171 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர். எண் சிறியதுதான். ஆனால் அந்த 343-ம் 1400 சுற்றிலேயே வந்து 3400 வரை நிற்கும். பஜேரோ ஸ்போர்ட்டின் 2.5 லிட்டர் 4டி56 இன்ஜின் மேனுவலில் 400 நியூட்டன் மீட்டர் தரும். தாளில் இது மேல். ஆனால் அந்த 400 வருவது 2000 முதல் 2500 சுற்றுக்குள் மட்டுமே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இந்த வேறுபாடு காலுக்கே தெரியும். வளைவில் வேகம் குறைந்து சுற்று 1500-க்குக் கீழே போனதும் 4டி56-ல் டர்போ காற்று குறைந்து வண்டி தளரும், கியரை இறக்கியாக வேண்டும். 1கேடி அதே கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும்.

2016-ல் வந்த ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் 1ஜிடி இன்ஜின் 177 குதிரைத்திறன். மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் 1400 முதல் 2600 சுற்று வரையிலும், ஆட்டோமேட்டிக்கில் 450 நியூட்டன் மீட்டர் 1600 முதல் 2400 வரையிலும் கிடைக்கும். 2021 மாற்றத்தில் ஆட்டோமேட்டிக் 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் ஆனது. மேனுவல் 420-லேயே நின்றது. என்டெவர் 3.2 ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன், 1750 முதல் 2500 சுற்றுக்குள் 470 நியூட்டன் மீட்டர். எம்யூ-எக்ஸின் 3.0 லிட்டர் 4ஜேஜே1 இன்ஜின் 177 குதிரைத்திறன், 1800 முதல் 2800 வரை 380.

இன்ஜின் தருவது அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. முதல் கியர் விகிதம், லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) விகிதம், ஆக்ஸில் விகிதம் மூன்றையும் பெருக்குங்கள். 3.6, 2.566, 3.909 என்று இருந்தால் விடை ஏறத்தாழ 36. இன்ஜின் 36 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த எண் பெரிதாக இருந்தால் பாறைமேல் வண்டி மெதுவாக ஊரும், இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே இறங்கும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக உள்ள டார்க் கன்வெர்ட்டர் கிளம்பும் நேரத்து இழுவையைக் கூடுதலாகப் பெருக்கித் தருவதால், எண் சற்றுக் குறைந்தாலும் ஏற்றத்தில் குறை தெரியாது. இறக்கத்தில்தான் மேனுவல் முந்தும்.

இன்னொன்று. ஃபார்ச்சூனரிலும் எம்யூ-எக்ஸிலும் என்டெவரிலும் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள 4×2 வண்டிகள் சந்தையில் நிறைய. பஜேரோ ஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கும் 4×2-ஆகவே வந்தது. அவற்றில் லோ ரேஞ்சே இல்லை. வெளித்தோற்றத்தை நம்பாமல், உள்ளே லோ ரேஞ்ச் குமிழோ நெம்புகோலோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஒவ்வொரு இன்ஜினின் பலவீனம்

1கேடி நன்றாக உழைக்கும் இன்ஜின். அதைக் கொல்வது இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் சிறிய செப்பு வாஷர். அது கசிந்தால் எரியும் வாயு மேலே ஏறி இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவருக்குள் புகும். அங்கே ஆயில் கருகித் தார் போல ஒட்டும். பிறகு துகளாக உதிர்ந்து, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் அழுத்தம் குறைந்தால் முதலில் டர்போ, அடுத்து கிராங்க் பேரிங். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாகவே காட்டும். அதனால்தான் பலர் கடைசிவரை கவனிப்பதில்லை.

கண்டுபிடிக்கும் வழி: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது டீசலில் இயல்பு. விரலால் வழித்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும் கெட்டிப் படிவம் இருந்தால் வாஷர் கசிந்திருக்கிறது. விலை பேசுவதற்கு முன் ராக்கர் கவரையும் சம்ப்பின் அடித்தட்டையும் கழற்றி வலையைப் பார்த்தே ஆக வேண்டும். உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். புதிய வாஷர் போடுவதோடு வேலை முடியாது. வலையைச் சுத்தம் செய்யாமல் வாஷர் மட்டும் மாற்றிய வண்டியில் பழைய துகள்கள் உள்ளேயே கிடக்கும்.

அடுத்து ஸ்கேனர் மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவு (ஈசியூ எனும் இன்ஜின் கணினி டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஒவ்வொன்றும் கூட்டல் 3-க்கும் கழித்தல் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் அச்சிட்ட குறியீட்டை ஈசியூவில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் புது இன்ஜெக்டரும் தட்டும். 1கேடிக்கு வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு, 1,50,000 கி.மீ.-க்குள் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் கொள்ளுங்கள்.

1ஜிடி-யில் பெல்ட்டுக்குப் பதில் செயின். 1கேடியில் 17.9 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் இதில் 15.6, அதனால் ஐடில் சத்தம் மென்மை. 2020 ஏப்ரலுக்கு முந்தைய பிஎஸ்4 வண்டியில் புகைக்கரி வடிகட்டியான டிபிஎஃப் கிடையாது, பிஎஸ்6 வண்டியில் உண்டு. இந்த ஒரு வேறுபாடுதான் இரண்டையும் வெவ்வேறு ஆட்களுக்கான வண்டிகளாக்குகிறது. டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓடிய சூடு வேண்டும். நகரத்துக்குள் மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியிலும், நாள் முழுக்க லோ ரேஞ்சில் ஊரும் வண்டியிலும் அந்தச் சூடு வராது. எரிப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தால் அதற்காகத் தெளித்த டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் யாரோ அதிகம் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், டீசல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் வண்டிகளின் டிபிஎஃப் அமைப்பு குறையுடையது என்று 2022-ல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் அடங்கியவை 2,64,170 வண்டிகள். எரிப்பு நடக்கும் நேரத்தில் காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதையும் காட்டுக்குள் போகிறவர் மனதில் வைக்க வேண்டும். சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும்.

என்டெவர் 3.2 ஓட்டுவதற்கு இந்தக் கூட்டத்திலேயே இன்பமானது, கவனக்குறைவை மன்னிக்காதது. இதன் ஆயில் பம்ப், ஆயிலை வடித்து நெடுநேரம் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் ஆயிலை இழந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எத்தனை லிட்டர் ஊற்றினாலும் பம்ப் உறிஞ்சாது. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் பேரிங் போய்விடும். எனவே புது ஃபில்டர், வாஷர், ஃபோர்டு 913-டி தரத்து 5டபிள்யூ-30 ஆயில் கிட்டத்தட்ட பத்து லிட்டர் எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் வடிகால் போல்ட்டைக் கழற்ற வேண்டும். பத்து நிமிடத்துக்குள் போல்ட்டை மூடிப் புது ஆயில் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் கழற்றி இரவெல்லாம் சொட்டவிட்டுக் காலையில் ஊற்றும் பழக்கம் லாரி இன்ஜினுக்குச் சரி, இதற்கு ஆகாது. வாங்கும்போது, ஆயில் எங்கே மாற்றினீர்கள் என்ற கேள்வியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேளுங்கள்.

3.2-ன் இரண்டாவது நோய் இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குள் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) விரிசல். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாமல் கூலன்ட் குறையும், காலை ஸ்டார்ட்டில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும். ரேடியேட்டர் பிரஷர் டெஸ்ட் செய்தால் தெரிந்துவிடும். 2020-ல் வந்த 2.0 லிட்டர் என்டெவர் 170 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர், பத்து கியர் ஆட்டோமேட்டிக். நெடுஞ்சாலையில் அருமை. ஆனால் இதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தரம் தவறிய ஆயில் ஊற்றினால் பெல்ட் ரப்பர் உதிர்ந்து உறிஞ்சும் வலையை அடைக்கும். சர்வீஸ் ரசீதில் ஆயிலின் பெயர் எழுதப்படாத 2.0 வண்டியை வாங்கப் பரிந்துரைக்க மாட்டோம்.

4டி56-ல் பெல்ட் இரண்டு: ஒன்று டைமிங்குக்கு, சின்னதான இன்னொன்று அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு. சின்ன பெல்ட் அறுந்தால் அதன் நார் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி டைமிங் தாவும், வால்வும் ராக்கரும் உடையும். 90,000 கி.மீ. தாண்டியிருந்தால் இரண்டு பெல்ட்டையும் டென்ஷனர்களையும் ஒன்றாக மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஐடிலில் சுற்று ஏறி இறங்கினாலோ, ஓட்டத்தில் திடீரென்று அணைந்தாலோ டீசல் பம்ப்பின் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வைப் பாருங்கள். பம்ப்பையே மாற்றச் சொல்லும் இடத்தில் முதலில் இந்த வால்வை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

4ஜேஜே1 பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே அதன் பெருமை. டைமிங் பெல்ட் இல்லை. இஜிஆர் கரி சேர்வதைத் தவிரப் பெரிய வம்பு கிடையாது. மனித நடமாட்டம் குறைந்த இடங்களுக்கு நெடுந்தூரம் போகிறவர் இதைத்தான் முதலில் தேட வேண்டும். நல்ல வண்டி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

நேரில் பார்க்கும் நாள்

வண்டியைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டில் எதையோ மறைக்கிறார்கள், வேறொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். கறுப்புப் புகை ஒரு கணம் வந்து நின்றால் பரவாயில்லை. வெள்ளைப் புகை நீடித்தால் இன்ஜெக்டர் அல்லது கூலன்ட். நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து அப்படியே தலைகீழாக வாய்மேல் வையுங்கள். மூடி லேசாக ஆடலாம். துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் வழியே அழுத்தம் கசிகிறது.

பிறகு ஓட்டம். சமதளத்தில் நான்காவது கியர், 1200 சுற்று, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் முறைக்கு மாற்றிக்கொண்டு இதைச் செய்யுங்கள். நல்ல டர்போ 1500 முதல் 1800-க்குள் தள்ளத் தொடங்கி, வெட்டில்லாமல் 3000 வரை போகும். ஏறும்போதே பவர் அறுந்து எச்சரிக்கை விளக்கு எரிந்தால் டர்போவுக்குள் நகரும் தகடுகள் கரியில் சிக்கியிருக்கலாம், அல்லது இன்டர்கூலர் குழாய் கிழிந்திருக்கலாம். பின்னதைச் சரிசெய்யச் செலவு மிகக் குறைவு, அதனால் முதலில் குழாயின் இணைப்புகளில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு மண் சரிவு தேடி, லோ ரேஞ்ச் முதல் கியரில், பிரேக்கிலும் ஆக்ஸிலரேட்டரிலும் கால் வைக்காமல் இறக்குங்கள். வண்டி ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் பிடிமானம் கிடையாது, பிடித்து நிறுத்துவது கியர் விகிதமும் கம்ப்ரஷனும்தான். லோ ரேஞ்ச் விழவே மறுத்தால் பெரும்பாலும் பல வருடமாக யாரும் போடாததால் மோட்டாரோ நெம்பு இணைப்போ இறுகியிருக்கும். நியூட்ரலில் நிறுத்தி சில முறை மாற்றிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

வண்டி கைக்கு வந்த வாரத்திலேயே டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். அதன் அடியிலுள்ள தண்ணீர் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து அசையாமல் வைத்தால், தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். ஒரு விரற்கடைக்கு மேல் நின்றால் டாங்கியைக் கழற்றிக் கழுவாமல் மலைப்பயணம் கிளம்ப வேண்டாம். அந்தத் தண்ணீர் இன்ஜெக்டர் வரை போய்விட்டால் மொத்த செட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.